மலை மேலே பூட்டிய வீடு! மரக்கிளையில் தொங்கும் தூளி!

ஜவ்வாது மலைக் குடும்பங்கள் பிழைக்கப் போன இடத்தில் பிள்ளை வளர்ப்பது எப்படி?

போளூரில் பஸ் ஏறினால், வளைந்து வளைந்து மேலே போகும் சாலை ஜமுனாமரத்தூரில் கொண்டுபோய் விடும். ஜவ்வாது மலைக்கு அதுதான் தலைமை ஊர். சந்தை அங்கே. சர்க்கார் ஆபீசுகள் அங்கே. ஆஸ்பத்திரியும் அங்கே.

இந்த மலை சின்ன மலை அல்ல. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய 3 ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். சாமை விளையும். பலா பழுக்கும். தேன் கிடைக்கும். பீமன் அருவியில் குளிக்க வெளியூரில் இருந்து கார்களில் வருவார்கள். காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி இருக்கிறது. இரவில் அது நட்சத்திரங்களைப் பார்க்கும்.

மலையில் வாழ்பவர்கள் "மலையாளி" என்ற பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுவிட்டு, கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்பவர் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பேசுவது தமிழ். காஞ்சீபுரம் பக்கத்தில் இருந்து முன்னோர்கள் மலை ஏறி வந்ததாக அவர்களே கதை சொல்வார்கள்.

இப்படிப்பட்ட மலையில், வருடத்தில் சில மாதங்கள் பல வீடுகளில் பூட்டுத் தொங்கும்!

வீட்டுக்காரர்கள் எங்கே?

கீழே இறங்கிப் போய்விட்டார்கள். குடகிலும் சிக்மகளூரிலும் காப்பித் தோட்டங்கள். கேரளாவில் மிளகுத் தோட்டங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகள். இன்னும் கட்டட வேலை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு... எங்கே கூலி கிடைக்குமோ, அங்கே!

அவர்களுக்கு வீடு உண்டு. ஆனால் அந்த வீட்டில் இருந்தால் சோறு இல்லை. சோறு கிடைக்கும் இடத்திலோ வீடு இல்லை!

ஏன் இறங்குகிறார்கள்?

மலையில் நிலம் சரிவாக இருக்கும். கிணற்றுப் பாசனம் குறைவு. வானம் பார்த்த பூமி. ஜூன் மாத மழைக்கு விதைத்தால், மழைக்காலம் முடிவதற்குள் சாமை அறுத்துவிடலாம். அதோடு சரி! அடுத்த மழை வரை வயலில் வேலை கிடையாது.

அந்தக் காலத்தில் காடு இருந்தது. ஒரு இடத்தில் விதைத்து, அடுத்த முறை வேறு இடத்துக்கு மாறுவார்கள். 1882-ம் வருடம் வெள்ளைக்காரர்கள் சென்னை மாகாணத்துக்கு வனச் சட்டம் கொண்டுவந்தார்கள். காடு சர்க்கார் காடு ஆயிற்று. மாற்றி மாற்றி விதைக்கும் பழக்கமும் சுருங்கிப் போயிற்று.

2006-ம் வருடம் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்து காட்டு நிலத்தை உழுதுவரும் பழங்குடிகளுக்கு, அந்த நிலத்தில் உரிமை கொடுக்கச் சொல்கிறது அந்தச் சட்டம். பட்டா வந்தால் நல்லதுதான். ஆனால் பட்டா வந்தாலும் மழை ஒரு முறைதானே!

ஆகவே மூட்டை கட்டுகிறார்கள்.

ஒரு குடும்பம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, 9 வயதில் ஒரு பெண், 4 வயதில் ஒரு பையன், கையில் 8 மாதக் குழந்தை. மேஸ்திரி வேன் கொண்டுவருவார். முன்பணம் ஏற்கனவே கொடுத்திருப்பார். கல்யாணக் கடனோ, ஆஸ்பத்திரிச் செலவோ, அந்தப் பணம் கைக்கு வந்த அன்றைக்கே கரைந்திருக்கும்.

மூட்டையில் என்ன இருக்கும்? இரண்டு பாத்திரம், கொஞ்சம் சாமை, போர்வை, அம்மாவின் பழைய சேலைகள்.

அந்தப் பழைய சேலைகளை அற்பமாக நினைக்க வேண்டாம். போகிற இடத்தில் ஒரு சேலை தூளி ஆகும். ஒன்று குடிசைக்குக் கதவு ஆகும். இன்னொன்று குளிக்கும் இடத்துக்கு மறைப்பு ஆகும்!

பச்சைக்கல் வீடு

காப்பித் தோட்டமாக இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. "லைன்" என்று சொல்லும் வரிசை வீட்டில் ஒரு அறை கிடைக்கலாம். கட்டட வேலை என்றால், பாதி கட்டிய கட்டடத்துக்குள்ளேயே சமையல், படுக்கை எல்லாம். கட்டடம் முடிந்து ஜன்னலும் கதவும் வைத்தவுடன் இவர்கள் வெளியேற வேண்டும்!

செங்கல் சூளையில் நிலைமை வேறு. அறுத்துக் காயவைத்த பச்சைக்கல்லை அடுக்கினால் அதுவே சுவர். மேலே ஓலை அல்லது தகரம். குனிந்துதான் உள்ளே போக முடியும். மண்ணும் கல்லும் கையில் இருக்கின்றன. ஆனால் ஆயிரம் ஆயிரமாகக் கல் அறுக்கும் கைகளுக்கு, ஒரு நல்ல சுவர் எழுப்ப நேரம் கிடையாது. கூலி 1,000 கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. எவ்வளவு கல்லோ அவ்வளவு காசு.

வெயிலில் கல் அறுக்க முடியாது. அதனால் நடுச்சாமத்திலேயே எழுந்துவிடுவார்கள். அப்பா மண்ணை மிதித்துக் கொடுப்பார். அம்மா அச்சில் அடித்துக் கவிழ்ப்பாள். அந்த நேரத்தில் குழந்தைகள்?

குடிசையில் தனியாகத் தூங்கும்! விளக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கைக்குழந்தை விழித்து அழுதால், 9 வயதுப் பெண் எழுந்து தூளியை ஆட்டும். ஆட்டியும் அழுகை நிற்காவிட்டால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் களத்துக்கு நடக்கும். அம்மா கை மண்ணைக் கழுவிவிட்டு வந்து, பால் கொடுத்துவிட்டு மறுபடியும் அச்சைப் பிடிப்பாள்.

விடிந்த பிறகு அந்தப் பெண்ணுக்கும் வேலை உண்டு. காயும் கல்லைப் புரட்டிவைக்க வேண்டும். சின்னப் பாதம் என்றால் வரிசைகளுக்கு நடுவே கல்லை மிதிக்காமல் போகலாம் அல்லவா? அதனால் குழந்தைகளைத்தான் அனுப்புவார்கள். இதைக் கணக்கில் எழுதுவார் யாரும் இல்லை. அப்பாவின் கணக்கில் கல் கூடும், அவ்வளவுதான்.

அம்மாவின் பயங்கள்

வீடு இருக்கும் தாய்க்குக் கதவைச் சாத்தினால் பாதிப் பயம் போய்விடும். இவளுக்குச் சாத்தக் கதவு இல்லை.

சூளைச் சாம்பல் மேலே ஆறினாற்போல் இருக்கும். உள்ளே கனல் இருக்கும். ஓடி விளையாடும் பையன் அதில் கால் வைத்தால்? மண் தோண்டிய பள்ளத்தில் ஒரு மழை பெய்தால் போதும், குளமாகிவிடும். ஆழம் தெரியாது. லாரி பின்னால் வரும்போது டிரைவருக்கு 4 வயதுப் பையன் தெரியமாட்டான். கல் அடுக்கின் இடுக்கில் பாம்பும் தேளும் இருக்கும்.

மலையில் என்றால் ஆயா பார்த்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு அத்தை ஒரு பார்வை பார்ப்பாள். ஊரே உறவு. சூளையிலோ பக்கத்துக் குடிசையில் இருப்பவளும் அதே நேரத்தில் கல் அறுக்கப் போயிருப்பாள்.

அதற்காக இந்தத் தாய்மார்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. களத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியும் மரமாகப் பார்த்துத் தூளி கட்டுவார்கள். எறும்பு வராமல் தூளிக்குக் கீழே சாம்பல் தூவுவார்கள். தவழும் குழந்தையின் இடுப்பில் சேலைத் துணியைக் கட்டி, மறுமுனையைக் கம்பத்தில் கட்டிவைப்பதும் உண்டு. பார்ப்பவர்களுக்குக் கொடுமையாகத் தெரியும். அவிழ்த்துவிட்டால் பள்ளம் பக்கத்திலேயே இருக்கிறதே!

பெரிய பெண் வயதுக்கு வந்துவிட்டால் கவலை இன்னும் அதிகம். கக்கூஸ் இல்லை. குளிக்க மறைவு இல்லை. ஊர் ஊராக வரும் லாரிக்காரர்கள், வேலையாட்கள் நடுவே பெண்ணை எப்படி வைத்துக் காப்பது? இந்தப் பயத்தினாலேயே 15, 16 வயதில் கல்யாணம் செய்துவைத்துவிடுகிறார்கள். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம். 2006-ம் வருடச் சட்டம் அது. பெற்றோருக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அவர்களுடைய பயத்துக்கு யார் பதில் சொல்வது?

முன்பணம் என்னும் கயிறு

கூலி போதவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊர் திரும்ப நினைத்தால், முன்பணம் காலைப் பிடிக்கும். "கணக்குத் தீர்த்துவிட்டுப் போ" என்பார் முதலாளி. கணக்கு நோட்டு அவர் கையில். எழுத்துத் தெரியாதவர் என்ன செய்வார்?

இதற்குக் கொத்தடிமை என்று பெயர். இந்தியாவில் 1976-ம் வருடச் சட்டம் இதை ஒழித்துவிட்டது. அந்தச் சட்டப்படி, அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதே இல்லை. கடன் ரத்து! கொத்தடிமையாக வைத்திருப்பவருக்கு 3 வருடம் வரை ஜெயில்.

சட்டம் வந்து 43 வருடம் கழித்து ஒரு சம்பவம் நடந்தது. 2019 ஜூலை மாதம், காஞ்சீபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். 42 பேரை மீட்டார்கள். குழந்தை குட்டிகளோடு அடைபட்டுக் கிடந்த இருளர் குடும்பங்கள் அவை. ஒரு கிழவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்டார். அந்தப் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மத்திய சர்க்கார் திட்டத்தின்படி உடனடியாக 30,000 ரூபாய் வரை உதவி உண்டு. வழக்கு முடிந்து குற்றம் நிரூபணமானால் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடிய வழக்கில் 3 லட்சம். வழக்கு முடிவதுதான் கஷ்டம். சான்றிதழ் கையில் இல்லாதவர், வேலைக்காக அதே மாதிரி இடத்துக்கே மறுபடி போய்ச் சேருகிறார்.

ஆயாவிடம் விட்டுப் போனால்?

சில பெற்றோர் வேறு வழி பார்க்கிறார்கள். கைக்குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை மலையிலேயே விடுகிறார்கள். ஆயாவும் தாத்தாவும் பார்த்துக்கொள்வார்கள். அல்லது பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் சேருவார்கள்.

பழங்குடியினர் நலத்துறை நடத்தும் இந்தப் பள்ளிகளில் படிப்பு, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் இலவசம். ஜவ்வாது மலைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. இங்கே வனத்துறையும் பள்ளிக்கூடம் நடத்துகிறது! புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு பக்கங்களில் வனத்துறைப் பள்ளியில் படித்தவர்கள் ஏராளம். மரத்தைக் காக்கும் இலாகா பிள்ளைகளுக்கும் அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கிறது.

ஆகவே அப்பா குடகில், அம்மா குடகில், பிள்ளை விடுதியில். வீடு பூட்டியிருக்கும். விடுதிதான் அந்தப் பிள்ளைக்கு வீடு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாதம் பள்ளிக்கு லீவு. விடுதியும் மூடிவிடும். ஆனால் செங்கல் சூளை மே மாதத்தில் ஓய்வதில்லை. வெயில் காலம்தான் அதற்குப் பொற்காலம்! மழை வந்தால்தான் நிற்கும். அப்பா அம்மா இன்னும் சூளையிலேயே இருப்பார்கள். பிள்ளை எங்கே போகும்? வேன் ஏறிச் சூளைக்குத்தான் போகும். போன இடத்தில் கல் புரட்டும். கையில் நாலு காசு வரும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சில பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. அந்த ஒரு மாதத்துக்கு விடுதியைத் திறந்துவைத்துச் சோறு போட்டால், பல பிள்ளைகளின் படிப்பு தப்பும்.

படிப்பு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் மலையிலேயே உதாரணம் இருக்கிறது. புலியூர் கிராமத்து மலையாளிப் பெண் ஸ்ரீபதி. ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பு. பிறகு சட்டம் படித்தார். கல்யாணமும் ஆயிற்று. 2023 நவம்பரில் சிவில் நீதிபதி பரீட்சை வந்தபோது, அவருக்குக் குழந்தை பிறந்து 2 நாள்தான் ஆகியிருந்தது. பச்சை உடம்போடு சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். தேறினார்! 23 வயதில் நீதிபதி! 2024 பிப்ரவரியில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் வாழ்த்துச் சொன்னார். புலியூரில் மேளம் அடித்து வரவேற்றார்கள்.

செம்மரம் குடித்த உயிர்கள்

எல்லா வேனும் தோட்டத்துக்கும் சூளைக்கும் போவதில்லை. சில வேன்கள் ஆந்திராப் பக்கம் போகும்.

திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் செம்மரம் வளர்கிறது. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக அவ்வளவு கிடையாது. கடல் கடந்து போனால் அதற்குப் பொன் விலை. மரம் வெட்டத் தெரிந்த, மலை ஏறத் தெரிந்த ஆட்கள் தரகர்களுக்கு வேண்டும். ஜவ்வாது மலைக்காரர்களுக்கு இரண்டும் தெரியும். சில நாள் வேலைக்குப் பல மாதக் கூலி என்று ஆசை காட்டுவார்கள்.

2015 ஏப்ரல் 7-ந் தேதி. சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் படை சுட்டது. 20 பேர் இறந்தார்கள்! எல்லோரும் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் ஜில்லாக்களில் இருந்து போனவர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. கடத்தல்காரர்கள் தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துவைத்துச் சுட்டார்கள் என்று உறவினர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

சுடப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஆந்திர ஜெயில்களில் மாதக்கணக்கில் கிடந்தவர்களும் உண்டு. வக்கீல் செலவுக்கு மாட்டை விற்க வேண்டும். ஆட்டை விற்க வேண்டும். அதன் பிறகு பிள்ளைகளை வளர்க்க, அம்மா முன்பணம் வாங்கித் தானே வேன் ஏற வேண்டும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

போகிற இடத்தில் பிள்ளைக்கு என்னென்ன உரிமை உண்டு என்பது பல தாய்மார்களுக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரிந்தாலும் சொல்லமாட்டார்.

6 வயது முதல் 14 வயது வரை எந்தக் குழந்தையையும் அருகில் உள்ள சர்க்கார் பள்ளியில் சேர்க்கலாம். பாதி வருடத்திலும் சேர்க்கலாம். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை, பிறந்த தேதிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. படிப்பு விட்டுப் போயிருந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். 2010 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் இது.

தமிழ்நாட்டுக்குள் என்றால், சர்க்கார் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு உண்டு. 1956-ல் காமராஜர் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாகப் பெருக்கியது. 2022 முதல் காலைச் சாப்பாடும் சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது. கல் அறுக்கும் தாய்க்கு இது பெரிய உதவி. நடுச்சாமம் முதல் களத்தில் நிற்பவள், காலையில் எப்படி அடுப்புப் பற்றவைப்பாள்?

6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அங்கன்வாடி. அதற்கு அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. தடுப்பூசியும் அப்படித்தான். இந்தியாவில் எந்தச் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுவார்கள். எந்த ஊசி போட்டாயிற்று, எது பாக்கி என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் நர்சம்மா கொடுக்கும் தாய்-சேய் அட்டை.

ரேஷன் விஷயமும் மாறிவிட்டது. 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டிலும் "ஒரே நாடு ஒரே ரேஷன்" திட்டம் உண்டு. முன்னுரிமைக் குடும்ப அட்டை வைத்திருப்பவர் குடகிலும் அரிசி வாங்கலாம். கைரேகை வைக்க வேண்டும். மண் மிதித்தும் கல் அறுத்தும் தேய்ந்த விரலில் ரேகை பதிய மறுக்கிறது என்பது வேறு கஷ்டம்!

குழந்தைக்கு ஆபத்து என்றால், குழந்தையை வேலை வாங்குகிறார்கள் என்றால், 1098 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். கொத்தடிமையாக வைத்திருந்தால் கலெக்டர், சப்-கலெக்டர், தாசில்தார் யாரிடமும் சொல்லலாம். கூலிக்காரரே போக வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஊர்க்காரர் சொன்னாலும் போதும்.

அடுத்த முறை மேஸ்திரியின் வேன் வரும்போது, மூட்டையில் சேலைகளுக்கு நடுவே வைக்க வேண்டியவை இவைதான். ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டு, குழந்தையின் தாய்-சேய் அட்டை. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டிவைத்தால் பச்சைக்கல் ஈரம் படாது.